நேரில் பார்வையிடப்பட்டது

ஜூன் 8, ஞாயிறு

சிந்துஜாவுக்குக் கார் வாங்குவது என்று இன்று காலை இட்லி சாப்பிடும்போது முடிவு செய்தேன். அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று இப்போது மகளும் அவள் அம்மா வசந்தாமணியும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகள் கால்நடை மருத்துவர். ஏப்ரலில் வேலை கிடைத்து மலைமேல் போட்டிருக்கிறார்கள். ஒன்பது கொண்டை ஊசி வளைவு. ஸ்கூட்டரில் போய் வருகிறாள். போன வாரம் ஏழாவது வளைவில் யானை நின்றதாம். ஸ்கூட்டரை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தாளாம். ஆஸ்பத்திரிக்கு வந்த ஏதோ ஒரு மாட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறாள். எனக்கு அதற்குமேல் இட்லி இறங்கவில்லை.

தவணையில் புது வண்டி எடுக்கிறேன் என்கிறாள். புது வண்டி வாங்க அறிவு எதற்கு? பழைய வண்டியில் நல்லதாகப் பார்த்து எடுக்கத்தான் ஆள் வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது எனக்கு. இந்தக் கையால் பெயர் மாற்றிக் கொடுத்த வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் ஈரோடு வரை போகும். பழைய வண்டியில் ஏமாறுகிறவர்கள் எல்லாம் வெளியாட்கள்.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று பேரும் வெள்ளிங்கிரியின் யார்டுக்குப் போனோம். வெள்ளிங்கிரி, வண்டி புரோக்கர். இருபது வருடப் பழக்கம். அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிர் பெஞ்சில் அவன் உட்காராத நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

“ஏனுங் சார், உங்களுக்குப் போயி நான் கண்ட வண்டியக் காட்டுவனுங்களா? ஒண்ணு எடுத்து வச்சிருக்கறனுங்க. பாத்தா விட மாட்டீங்க.”

வெள்ளை வண்டி. ஆறு வயது. புது சீட் கவர், புது மேட், கண்ணாடியில் தொங்கும் மல்லிகை வாசனை டப்பா. நான் வண்டி பக்கம் போகவே இல்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து காகிதங்களைக் கேட்டேன். ஓட்டிப் பார்க்கிறவன், பானெட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கிறவன், டயரை உதைத்துப் பார்க்கிறவன் எல்லாம் கற்றுக்குட்டி. வண்டி பொய் சொல்லும். காகிதம் சொல்லாது. அதற்காகவே லென்ஸ் கொண்டு போயிருந்தேன்.

ஆர்சி சுத்தம். வரி சுத்தம். கடன் பாக்கி கிடையாது. முதல் ஓனர் நாமக்கல்காரர், கோழிப் பண்ணை. போன வருடம் மே மாதம் எங்கள் அலுவலகத்திலேயே அவரிடமிருந்து அடுத்தவருக்குப் பெயர் மாறியிருக்கிறது. அந்தக் கோப்பின் நகலையும் வெள்ளிங்கிரி பத்திரமாக வைத்திருந்தான். புரட்டினால், ‘வாகனம் நேரில் பார்வையிடப்பட்டது’ என்ற கட்டத்துக்குள் வால் நீண்ட ஒரு கையெழுத்து. என்னுடையது!

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. என் கையெழுத்தே இருக்கிற வண்டிக்கு வேறு என்ன உத்தரவாதம் வேண்டும்?

சிந்துஜா மட்டும் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். “ஏப்பா, மல்லியப் பூவுக்கு அடியில வேற ஒரு வாசம் அடிக்குது. மழைக்கு நனைஞ்ச தொழுவமாட்ட.”

“மாட்டாஸ்பத்திரியிலயே இருந்தா எல்லாமே தொழுவமாட்டத்தான் அடிக்கும் சாமி.”

“மெக்கானிக் தனசேகரண்ணங்கிட்ட ஒருக்காக் காட்டீரலாம். அரை மணி நேரம்தான ஆகும்.”

தனசேகர் நல்ல பையன்தான். ஆனால் அவனுக்கு ஆர்சியில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாது. வேண்டாம் என்றுவிட்டேன். வெள்ளிங்கிரி மூன்று இளநீர் வெட்டி வரச் சொன்னான்.

ஜூன் 11, புதன்

வசந்தாமணிக்குக் காகிதம் போதாதாம். அம்மன் கோயிலில் பூக் கேட்கப் போனோம். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரியின் பேத்தி எடுத்துக் கொடுத்தது வெள்ளை. வண்டி நம்பரின் கூட்டுத்தொகையும் ஆறு வருகிறது, சிந்துஜாவின் பிறந்த தேதிக்கு அதுதான் பொருத்தமாம். ஆக அரசாங்கம், அம்மன், எண்கணிதம், மூன்று இடத்திலும் அனுமதி வாங்கியாயிற்று.

ஜூன் 13, வெள்ளி

வண்டி வீட்டுக்கு வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். வசந்தாமணி பூசணிக்காய் சுற்றி உடைத்ததில் பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் சிவப்பு. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போய், வண்டி வாங்கிய பெருமையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். முருங்கைக் கிளை வெட்டினேன். ஏ.சி. போட்டால் புளித்த நீராகாரம் மாதிரி அடிக்கிறது என்று வசந்தாமணி சொல்கிறாள். காபித் தூளை ஒரு கிண்ணத்தில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்தேன். இப்போது காபி குடித்துவிட்டு நீராகாரம் குடித்த மாதிரி அடிக்கிறது.

ஜூன் 18, புதன்

பெயர் மாற்றத்துக்காக அலுவலகம் போனேன். என் நாற்காலியில் இப்போது இருக்கும் தம்பி எழுந்து நின்றான். “வண்டி வெளியதான் நிக்குது, பாத்துக்கப்பா” என்றேன். “சார், உங்க வண்டிய நான் போயிப் பாக்கறதாவது!” என்று அங்கேயே கையெழுத்துப் போட்டான். நல்லபடி வளர்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

ஜூன் 21, சனி

ஹெட்லைட் கண்ணாடிக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். மலைப் பனி என்று விளக்கினேன். “வெளியதான பனி பெய்யும்?” என்று சிந்துஜா கேட்டாள்.

ஜூன் 26, வியாழன்

இடதுபக்கக் கண்ணாடி தானாகவே இறங்குகிறது. வண்டிக்கும் காற்று வாங்க ஆசை இருக்கும்.

ஜூன் 28, சனி

நேற்று சிந்துஜாவின் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்தபோது ஹாரன் தானாக அடித்திருக்கிறது. நிற்கவே இல்லையாம். ஊசிக்குக் கட்டி வைத்திருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. ஊரே சேர்ந்து பிடித்திருக்கிறது. போனில் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசியில், “ஏப்பா, ஞாயித்துக்கிழம தனசேகரண்ணங்கிட்ட வுட்டுப் பாத்தர்றனே” என்றாள். ஃபியூஸ்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வூதியர் சங்கக் கூட்டம்.

ஜூலை 1, செவ்வாய்

சிந்துஜாவுக்கு விபத்து. உயிருக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

ஜூலை 2, புதன்

இறங்கும்போது ஐந்தாவது வளைவில் வண்டி மொத்தமாக அணைந்திருக்கிறது. விளக்கு, எஞ்சின் எல்லாம் ஒரே நொடியில். ஸ்டீயரிங் கல்லாகிவிட்டதாம். பிரேக் கட்டை மாதிரி இறுகிவிட்டதாம். இடதுபக்கம் பள்ளம். இரண்டு கையாலும் வலதுபக்கம் இழுத்து மண்மேட்டில் கொண்டு போய் மோதியிருக்கிறாள். காற்றுப் பை விரியவில்லை. ஸ்டீயரிங்கில் தாடை அடித்து ஆறு தையல்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட தாடையோடு அவளைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: “வளைவுல கியர மாத்தினயா கண்ணு?”

வசந்தாமணி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். சிந்துஜா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாடையில் தையல் இருப்பதால் பேசவில்லை என்று நர்ஸ் சொன்னாள். வசந்தாமணியோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூலை 3, வியாழன்

வண்டியைத் தனசேகரின் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். நானும் வசந்தாமணியும் போனோம். தனசேகர் வண்டியின் முன்பக்கத்துக்கே போகவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். யாரும் எப்போதும் இழுக்காத கடைசி முழம் வெளியே வந்தது. அதில் ஒரு காவி நிறக் கறை. அதற்குக் கீழே பெல்ட் முழுக்க நொய்யல் ஆற்றுத் தண்ணீர் நிறம்.

“சீட் கவர் மாத்தலாமுங்க, மேட் மாத்தலாமுங்க. பெல்ட்டு எவனும் மாத்த மாட்டானுங்க சார். இது கழுத்தளவு தண்ணிக்குள்ள நின்ன வண்டிங்க.”

“நம்மூர்ல ஏதுப்பா அவ்வளவு தண்ணி? ஆத்துலயே கெடையாது.”

“அதுக்குத்தானுங்க நம்மூருக்குக் கொண்டாறாங்க. சென்னையில வெள்ளம் வந்தப்ப முழுகுன வண்டி அத்தனையும் எங்க போச்சுன்னு நெனைக்கறீங்க? மழையே பெய்யாத ஊருல எவனும் சேறு இருக்குதான்னு பாக்க மாட்டான்.”

பிறகு சீட்டைக் கழற்றினான். அடிக்கம்பி எல்லாம் துரு. ஸ்டெப்னி இருக்கும் குழியில் ஒரு கைப்பிடி வண்டல் மண். சீட்டுக்கு நடுவில் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினான். காற்றுப் பையை விரிக்கச் சொல்லும் கருவி அதுதானாம். உள்ளே சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதற்குள் ஒரு நத்தை ஓடு.

“இது என்ன பண்ணுமுங்க, பாவம்” என்றான் தனசேகர். கருவியைச் சொன்னானா நத்தையைச் சொன்னானா தெரியவில்லை.

வசந்தாமணி அந்த நத்தை ஓட்டை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். வீட்டு வாசலில்தான் சொன்னாள்: “அம்மனும் வண்டியப் பாக்கல. நீங்களும் பாக்கல.”

ஜூலை 4, வெள்ளி

அம்மன் கதை வேறு. எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. சென்னை வெள்ளத்தில் முழுகிய வண்டிக்கு நாமக்கல் காகிதம் எப்படி வந்தது?

பட்டறைக்குத் தனியாகப் போனேன். சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும். அதாவது, வண்டியின் அடித்தகட்டில் வெட்டியிருக்கும் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் விழும். கோப்பில் அதை ஒட்ட வேண்டும் என்பது விதி. புரோக்கர்களே தேய்த்து ஒட்டிக் கொண்டுவந்துவிடுவார்கள். முப்பத்தொரு வருடத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். என் கையால் தேய்த்தது இன்றுதான் முதல் தடவை. முட்டி போட்டு, முன்சீட்டுக்குக் கீழே தலையை விட்டு, தனசேகர் டார்ச் அடிக்க, தேய்த்தேன்.

நம்பர் விழுந்தது. காகிதத்தில் இருக்கும் அதே நம்பர். அதைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு கோடும் விழுந்தது. வெல்டிங். வேறொரு வண்டியிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து இதில் பற்றவைத்திருக்கிறார்கள்.

கோப்பு நகலில் நாமக்கல்காரரின் போன் நம்பர் இருந்தது. வாங்குவதற்கு முன்னாலும் அதே இடத்தில்தான் இருந்தது. கூப்பிட்டேன்.

“அந்த வண்டிங்களா?” என்றார். “அது லாரிக்கு அடியில போயி அப்பளமாயிருச்சுங்களே சார். என்ற மச்சான் ஆறு மாசம் படுக்கையில கெடந்தாப்ல. கிரேன்ல தூக்கறப்ப ரெண்டாப் பிஞ்சு வந்துச்சுங்க. இன்சூரன்ஸ்ல பணம் குடுத்துட்டாங்க, வெள்ளிங்கிரின்னு ஒருத்தரு பழைய இரும்புக்கு எடுத்துக்கறேன்னு புக்கோட வாங்கிட்டுப் போனாப்ல.”

“எப்பங்க?”

“போன வருசம் மாசி மாசமுங்க.”

மாசியில் அந்த வண்டி இரண்டு துண்டு. மே மாதம் நான் அதை நேரில் பார்வையிட்டிருக்கிறேன்.

அந்த மே மாதம் என்ன நடந்தது என்று இப்போது எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான் நடக்கிறது.

ஜூலை 5, சனி

தலைவலி.

ஜூலை 6, ஞாயிறு

வெள்ளிங்கிரியின் யார்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்தேன். சரியாகச் சொன்னால், சட்டையைப் பிடிக்கலாம் என்று போனேன். அவன் இளநீர் வெட்டச் சொன்னான்.

“பாப்பாவுக்கு அடிபட்டது எனக்கு வவுத்தக் கலக்கிருச்சுங் சார். சத்தியமா. வண்டி இப்படிப் போகும்னு நெனைக்கவே இல்லீங்க. நீங்க குடுத்தது அத்தனையும் திருப்பிக் குடுத்தர்றேன். வண்டிய நானே தட்டி நேராக்கிக்கறேன்.”

“போலீசுல புடிச்சுக் குடுக்கறேன்டா உன்னய.”

“போங் சார். தாராளமாப் போங்க.” சிரிக்கவில்லை, மரியாதையாகத்தான் சொன்னான். “அவுங்க மொதல்ல எந்தக் கோப்பக் கேப்பாங்க? அதுல யாரு கையெழுத்து இருக்குது? உங்க பென்சனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு மனசு தாங்காதுங்க. ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. வண்டி பத்து நாள் உங்க வீட்டு வாசல்லயே நிக்கட்டும். ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு பார்ட்டியக் கூட்டிட்டு வர்றேன். ஆர்டிஓ ஆபீஸ் சார் வண்டின்னா யாரும் பேரமே பேச மாட்டாங்க.”

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இளநீரையும் குடித்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

சிந்துஜா மலைமேல் ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கும் குவார்ட்டர்ஸுக்கே போய்விட்டாள். இன்று போனில் வசந்தாமணியிடம் பேசியவள், என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

“கம்ப்ளெயிண்ட் குடுத்தாச்சா?”

“வெள்ளிங்கிரி பணத்தைத் திருப்பித் தர்றேங்கறான் சாமி. எதுக்கு வம்பு, விட்ரலாம்.”

“அப்ப வண்டி?”

“அவன் பாத்துக்குவான்.”

“அவன் யாருக்குக் குடுப்பான்?”

நான் சிக்னல் சரியில்லை என்றேன். மலையில் இருப்பவள் அவள். சிக்னல் சரியில்லாமல் போக வேண்டியது அவள் பக்கம்தான். போனை வைத்துவிட்டாள்.

கையெழுத்து விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. வசந்தாமணியிடமும் சொல்லவில்லை. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பணமும் வந்துவிடும், பிறகு எதற்கு இந்த வயதில் என் பெயர் நாறவேண்டும்? இதைத் தப்பு என்று யாராவது சொன்னால் அவர்கள் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 12, சனி

வெள்ளிங்கிரி வண்டியைத் தட்டி, பெயின்ட் அடித்து, வியாழக்கிழமையே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். புது மல்லிகை டப்பா. வசந்தாமணி அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாக எனக்கு மட்டும் ரசத்தில் உப்புப் போடுவதில்லை.

ஜூலை 14, திங்கள்

வெள்ளிங்கிரி பார்ட்டியோடு வந்தான். பெயர் ஹேமலதா. முப்பது வயது இருக்கும். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறாளாம். ஆவணியில் ஒன்பது முகூர்த்தம் பிடித்து வைத்திருக்கிறாள். இவ்வளவு நாள் பெட்டியும் சடையலங்காரமுமாக ஷேர் ஆட்டோவில் போனாளாம். போன வைகாசியில் ஆட்டோ வழியில் நின்றுவிட, பொண்ணு மூஞ்சி கழுவிய கோலத்திலேயே மேடை ஏறிவிட்டதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வசந்தாமணி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள்.

“வண்டியப் பாருங்க” என்றேன்.

“நான் பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? எனக்குப் பவுடர் தெரியும், பவர் ஸ்டீயரிங் தெரியுமா? ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்தவரு நீங்க. பாக்காமயா வச்சிருப்பீங்க?”

“சார் கண்ணுல ஒரு வண்டி தப்பாதுங்க்கா” என்றான் வெள்ளிங்கிரி.

அவள் பைக்குள் கையை விட்டு முன்பணத்தை எடுத்தாள். மஞ்சள் குங்குமம் வைத்த கவர். எனக்கு என்னவோ ஆயிற்று. வீரம் என்றெல்லாம் எழுத மாட்டேன். கூச்சம். நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தால் வருமே, அந்தக் கூச்சம்.

“நான் பாக்கலீங்க” என்றேன்.

“என்னங்க?”

“வண்டிய நான் பாக்கவே இல்லைங்க. போன வருசமும் பாக்கல. இந்த வருசமும் பாக்கல.”

வெள்ளிங்கிரி சிரித்தான். “சார் தமாசு பண்றாருங்க்கா.”

நான் எழுந்து போய்க் காரைத் திறந்து சீட் பெல்ட்டை இழுத்தேன். கடைசி முழம் வரைக்கும். காவிக் கறையைக் காட்டினேன். மேட்டைக் கிழித்துக் காட்டினேன். வெல்டிங்கைக் காட்டினேன். என் மகள் இந்த ஸ்டீயரிங்கில்தான் தாடையைக் கிழித்துக்கொண்டாள் என்றும் சொன்னேன்.

ஹேமலதா எனக்கு நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தது உண்மை. அவள் கவரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். “ஏய்யா, இத்தனையும் தெரிஞ்சு வச்சுட்டு எதுக்குய்யா என்னய வரச் சொன்னீங்க? நான் கவரை எடுக்கறது வரைக்கும் நாக்கு எங்க போச்சு? இந்த வயசுல வெக்கமா இல்ல?” என்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டுப் போனாள். அவனையும் என்னையும் சேர்த்துத்தான் திட்டினாள். பிரித்துப் பார்க்கவில்லை.

வெள்ளிங்கிரி வண்டிச் சாவிக்குக் கை நீட்டினான். “குடுங் சார். நாளைக்குப் பேசிக்கலாம்.” நான் மேஜைமேல் வைத்த சாவியைக் காணோம். வசந்தாமணியின் இடுப்பில் இருந்தது. “வேணும்னா எடுத்துக்க, வா” என்றாள். அவன் போய்விட்டான்.

பிறகு சிந்துஜாவைக் கூப்பிட்டேன். கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை சிக்னல் நன்றாகவே இருந்தது. “நாளான்னிக்குக் காலைல பஸ்ல வர்றேன்” என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

நாள் முழுக்கப் புகார் மனு எழுதினேன். மூன்று பக்கம். நல்ல நடை.

ஜூலை 16, புதன்

சிந்துஜா தையல் பிரித்த தாடையோடு வந்தாள். ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. அதைப் பார்க்காமல் மனுவை நீட்டினேன். படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

“‘அப்போதைய கடும் பணிச்சுமை காரணமாக வாகனத்தை நேரில் பார்வையிட இயலாது போயிற்று.’ அன்னிக்கு என்ன பணிச்சுமை?”

“மே மாசம்... கூட்டம்...”

“எத்தன பேரு?”

சொல்லிவிட்டேன். கூட்டமே இல்லை. கத்திரி வெயில். வெள்ளிங்கிரி வந்து, “வண்டி வேப்ப மரத்தடியில நிக்குதுங் சார், வர்றீங்களா?” என்றான். என் நாற்காலியிலிருந்து வேப்ப மரத்துக்கு முப்பது அடி இருக்கும். நடுவில் ஒரு சுவர். நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். வெயிலைப் பார்த்தேன். “நீ சொன்னாச் சரி” என்று கையெழுத்துப் போட்டேன். அவன் காசு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

“எந்திரிச்சுப் போயிருந்தா?” என்றாள்.

“அங்க வண்டியே இருந்திருக்காது சாமி.”

அவள் என் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள். மேலே எழுதினாள்: ‘வெயிலாக இருந்ததால் எழுந்து போகவில்லை.’ மனுவைத் திருப்பிக் கொடுத்தாள். முப்பத்தொரு வருடத்தில் எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு சின்ன வாக்கியத்தை நான் பார்த்ததில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். வால் சரியாக வரவில்லை.

தனசேகர் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வர, நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு ஒருவர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். மனுவைப் படித்தார். வெயில் என்ற இடத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“சார், இதை இப்படியே வச்சா உங்களுக்குத்தான் பெரிய சிக்கலாகும். பென்சன் வரைக்கும் போகும். மாத்தி எழுதிக் குடுக்கறீங்களா?”

“அப்படியே இருக்கட்டும்ங்க.”

சிந்துஜா என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை மட்டும் என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சரி, வண்டியப் பறிமுதல் பண்ணணும்” என்று ஏட்டு ஒரு படிவத்தை எடுத்தார். ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். மணி பன்னிரண்டரை. வண்டி மதில் ஓரத்தில் நின்றது. அதுவரை ஒரு பொட்டு நிழல் இல்லை. அவர் மீண்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “சேசிஸ் நம்பர், வெல்டிங், சேறு. அவ்வளவுதான? நீங்க டிபார்ட்மென்ட் ஆளு, உங்களுக்குத் தெரியாததா. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்.”

படிவத்தைத் தலைகீழாகவே என்னால் படிக்க முடிந்தது. மேலேயே ‘நேரில் பார்வையிடப்பட்டது’ என்ற அந்தக் கட்டம் இருந்தது. அவர் பேனாவை அதற்கு நேராகக் கொண்டுபோனார்.

“எந்திரிங் சார்” என்றேன். “வந்து பாருங்க.”

“ஏனுங், அதான் நீங்க...”

“எந்திரிங்க சொல்றேன்!”

ஸ்டேஷனில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓய்வு பெற்றவன் ஒருவன் பணியில் இருப்பவரை அதட்டுவது நல்லதல்ல என்று எனக்கும் தெரியும். ஏட்டு என்னைப் பார்த்தார். சிந்துஜாவின் தாடையைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே தொப்பியை எடுத்து மாட்டினார்.

வண்டித் தகடு தொட்டால் சுட்டது. நான் முட்டி போட்டு மேட்டைத் தூக்கிப் பிடித்தேன். வேர்வை கண்ணில் இறங்கியது. சிந்துஜா என் தோளுக்கு மேலே குனிந்து டார்ச் அடித்தாள். “அக்கட்ட நகருங்கப்பா, அவரு பாக்கட்டும்” என்றாள். நகர்ந்தேன். ஏட்டு முனகிக்கொண்டே குனிந்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.